பழைய வண்டில கிளட்ச் பிடிச்சுக்குதா? பிளேட்ட மாத்துறதுக்கு முன்னாடி லிவர்ல இருந்து பாருங்க

நம்ம டெல்டா பக்கம் இது ஊருக்கு ஊர் நடக்குறதுதான். வண்டிக்காரர் சிங்கப்பூரோ துபாயோ போயிட்டாரு, வண்டி ரெண்டு வருஷமா திண்ணை ஓரத்துல சாக்கு போத்தி நிக்குது, லீவுல வந்தவரு பேட்டரி மாத்தி பெட்ரோல் ஊத்தி கிக்கர் அடிச்சா எப்படியோ ஸ்டார்ட் ஆயிடுது, ஆனா கிளட்ச்ச பிடிச்சு ஃபர்ஸ்ட் கியர் போட்டதும் டங்குனு ஒரு தாவு தாவி வண்டி ஆஃப் ஆயிடுது. இன்னொரு வகை, தினமும் ஓடுற வண்டி. நீடாமங்கலம் ரயில்வே கேட்ல நிக்கிறீங்க, கிளட்ச்ச முழுசா பிடிச்சிருக்கீங்க, இருந்தும் வண்டி மெல்ல மெல்ல முன்னாடி நிக்கிற டெம்போவ பாத்து நகருது, நியூட்ரல் போடலாம்னா அது ஃபர்ஸ்ட்டுக்கும் செகண்டுக்கும் நடுவுல மாட்டவே மாட்டேங்குது. ரெண்டுக்கும் அடிப்படை ஒண்ணுதான், நீங்க பிடிச்சாலும் கிளட்ச் முழுசா விடல.

இத பட்டறைல சொன்னா பாதி இடத்துல வண்டிய தொடாமலே "கிளட்ச் செட் போயிடுச்சு, மாத்திடலாம்"னு பதில் வரும். போயிருக்கலாம், இல்லன்னு சொல்லல. ஆனா லிவர் பின்னு காஞ்சிருந்தாலும், கேபிள்ல நாலு இழை அறுந்திருந்தாலும், ஆயில் அளவுக்கு மேல இருந்தாலும் இதே மாதிரிதான் இருக்கும். கேபிளுக்கு நூத்து சொச்சம் செலவு, பிளேட் செட்டு, பேக்கிங்கு (கவர் இடுக்குல வைக்கிற தாள்), ஆயில், லேபர்னு போனா அது எங்கயோ போய் நிக்கும். அதனால எப்பவும் கையில இருந்து இன்ஜின பாத்து போகணும், இன்ஜின்ல இருந்து வெளிய வரக்கூடாது. இந்தக் கட்டுரை முழுக்க அந்த வரிசைதான்.

முன்கூட்டியே ஒண்ணு, டிவிஎஸ் எக்ஸ்எல் மாதிரி கை கிளட்ச் இல்லாத வண்டி வச்சிருக்கவங்களுக்கு இது ஒத்து வராது, அதுல கிளட்ச் தானா பிடிச்சு தானா விடுற டைப். சிடி 100, ஸ்ப்ளெண்டர், ஆர்எக்ஸ் 100, மேக்ஸ் 100, பாக்ஸர், புல்லட் இந்த மாதிரி வண்டிங்களுக்குத்தான் எழுதுறேன்.

உள்ள என்னதான் நடக்குது

ரொம்ப ஆழமா வேணாம், தேவையானது மட்டும். இன்ஜின் சுத்துறப்ப அதோட சேந்து கிளட்ச் ஹவுசிங் சுத்தும், இத பெல்லுனும் சொல்லுவாங்க. அதுக்குள்ள உராய்வு ஒட்டுன பிளேட்டும் வெறும் இரும்பு பிளேட்டும் ஒண்ணு மாத்தி ஒண்ணா அடுக்கியிருக்கும். உராய்வு பிளேட்டோட காது ஹவுசிங் விரலுக்குள்ள மாட்டியிருக்கும், இரும்பு பிளேட்டோட பல்லு நடுவுல இருக்க ஹப்புல மாட்டியிருக்கும், ஹப்பு கியர் பாக்ஸ் ஷாஃப்ட்டோட சேந்தது. ஸ்ப்ரிங் இந்த மொத்த அடுக்கையும் அழுத்தி வச்சிருக்குற வரைக்கும் இன்ஜின் சக்தி வீலுக்குப் போகும். நீங்க லிவர பிடிச்சா கேபிள் இழுத்து, உள்ள ஒரு ராடோ லிஃப்டரோ பிரஷர் பிளேட்ட தள்ளும், அழுத்தம் போயி பிளேட்டுங்க தனித்தனியா வழுக்கும்.

தள்ளுற தூரம் ரொம்பக் கொஞ்சம், ரெண்டு மில்லிமீட்டர் வந்தாலே பெருசு. அத அஞ்சாறு பிளேட்டு பங்கு போட்டுக்கணும். அதனாலதான் வெளிய லிவர்ல கொஞ்சம் ஆட்டம் கூடுனாலும் உள்ள ஒண்ணுமே பிரியாமப் போகுது. அதோட இதெல்லாம் ஆயில்ல நனைஞ்சு ஓடுற பிளேட்டு, ஈர எவர்சில்வர் தட்ட ஒண்ணு மேல ஒண்ணு கவுத்து வச்சா மறுநாள் பிரிக்க சிரமப்படுறோம்ல, மாசக்கணக்கா நிக்கிற வண்டில நடக்குறது அதேதான்.

முதல்ல வியாதி எதுன்னு பிரிங்க

கிளட்ச் கோளாறுன்னா எல்லாரும் ஒரே பேரத்தான் சொல்றாங்க, ஆனா வழுக்குறது வேற, பிடிச்சுக்குறது வேற, வைத்தியமும் நேர் எதிர். ஆக்சிலேட்டர் திருகுனா இன்ஜின் கத்துது, வேகம் மட்டும் ஏற மாட்டேங்குது, பின்னாடி ஒரு மூட்டை நெல்லோட வாய்க்கால் பாலம் ஏறுறப்ப (நமக்கு மலை கிடையாது, பாலந்தான் ஏத்தம்) கருகுன வாடை வருதுன்னா அது வழுக்குறது. அதுக்கு ஃப்ரீ பிளே (லிவர்ல முதல்ல சும்மா வர்ற ஆட்டம்) இல்லாம டைட்டா வச்சிருக்கதோ, பிளேட் தேஞ்சதோ, ஸ்ப்ரிங் தளந்ததோ காரணம். அது இந்தக் கட்டுரை இல்ல.

லிவர பிடிச்சும் வண்டி நகருது, கியர் போட்டா டங்குங்குது, ஓடுறப்ப நியூட்ரல் விழல, இன்ஜின ஆஃப் பண்ணுனா மட்டும் நியூட்ரல் ஈஸியா விழுதுன்னா அது பிடிச்சுக்குறது. இந்த கடைசி அடையாளம் ரொம்ப முக்கியம். இன்ஜின் ஆஃப்ல இருந்தும் வண்டிய முன்ன பின்ன ஆட்டியும் நியூட்ரல் விழ மாட்டேங்குதுன்னா கிளட்ச்ச விட்ருங்க, கியர் லிவர் பல்லு தேஞ்சிருக்கலாம், உள்ள ஷிஃப்ட் பக்கம் கோளாறு இருக்கலாம்.

இன்னொன்னையும் இப்பவே கழிச்சிருங்க, ஸ்லோ ஸ்பீடு. கார்புரேட்டர்ல ஐட்லிங் ஸ்க்ரூவ ஏத்தி வச்சு இன்ஜின் சும்மா நிக்கிறப்பவே விர்ருன்னு ஓடுனா எந்த நல்ல கிளட்ச்சும் கியர் போட்டதும் டங்குங்கும், நிக்கிறப்ப இழுக்கும். வண்டி நல்லா சூடான பிறகு ஸ்லோவ இறக்கிப் பாருங்க, சத்தம் பாதி குறைஞ்சா உங்க கிளட்ச் மேல தப்பு பாதிதான்.

மூணு சோதனை

முதல் சோதனை, இன்ஜின் ஆஃப். வண்டிய தரைல நிறுத்தி செகண்ட் கியர்ல போட்டு, கிளட்ச்ச முழுசா பிடிச்சு முன்னாடி தள்ளுங்க. நியூட்ரல்ல தள்ளுறத விட கொஞ்சம் கனமா இருக்கும், அது சகஜம். வீலே பூட்டுன மாதிரி நின்னு, இல்ல இன்ஜின் சேந்து பொஸ்க் பொஸ்க்குனு சுத்துனா பிளேட்டு ஒட்டிக்கிட்டு இருக்கு, இல்லன்னா கேபிள் உள்ள ஒண்ணையுமே தள்ளல.

ரெண்டாவது, கிக்கர் சோதனை, இது எல்லா வண்டிக்கும் ஆகாது. நியூட்ரல்ல மட்டுமே கிக் எடுக்குற வண்டிங்கள்ல, புல்லட் அந்த வகை, கிக்கரோட வேலை கிளட்ச் வழியாத்தான் இன்ஜினுக்குப் போகுது. அதனால நியூட்ரல்ல வச்சு கிளட்ச்ச பிடிச்சுகிட்டு கிக்கர மிதிச்சா எதிர்ப்பு இல்லாம லேசா இறங்கணும், இன்ஜின் சுத்தக்கூடாது. கம்ப்ரஷன் காலுக்குத் தட்டுப்பட்டா பிளேட்டு பிரியல. பழைய புல்லட்காரங்க காலைல சாவி போடுறதுக்கு முன்னாடியே கிளட்ச்ச பிடிச்சு நாலு மிதி மிதிக்கிறத பாத்திருப்பீங்க, ராத்திரி ஒட்டுன பிளேட்ட பிரிச்சு விடத்தான் அது, வெறும் சடங்கு இல்ல. ஆர்எக்ஸ் 100 மாதிரி கியர்ல இருந்தாலும் கிளட்ச்ச பிடிச்சா கிக் எடுக்குற வண்டில இந்த சோதனை எதையும் காட்டாது, அதுல கிக்கர் நேரா ஹவுசிங்க சுத்துது.

மூணாவது, இன்ஜின் ஓடுறப்ப. மெயின் ஸ்டாண்டு போட்டு ஸ்டார்ட் பண்ணி அஞ்சு பத்து நிமிஷம் சூடாக விட்டு, கிளட்ச்ச பிடிச்சு ஃபர்ஸ்ட் போடுங்க. பின் வீல் சுத்தும். பயப்படாதீங்க, ஆயில் இழுவைல லேசா சுத்துறது எல்லா வண்டிலயும் உண்டு. இப்ப கிளட்ச்ச பிடிச்சபடியே பின் பிரேக்க மெதுவா மிதிங்க. வீல் நின்னு இன்ஜின் சத்தம் கொஞ்சமும் மாறலன்னா கிளட்ச் நல்லா விடுது. வீல் நிக்கும்போது இன்ஜின் திணறுனா, இல்ல ஆஃப் ஆனா, பிடிச்சுக்குது, சந்தேகமே வேணாம். இத பண்ணும்போது கைலி, வேட்டி, துண்டு எதுவும் பின் வீல் பக்கம் தொங்கக்கூடாது, கால வச்சு வீல நிறுத்துறது வேடிக்கை இல்ல, குழந்தைங்கள தள்ளி நிக்க வைங்க.

சோதனை பண்ணும்போது எப்ப வருதுன்னும் கவனிங்க. காலைல முதல் கியர் மட்டும் டங்குனு விழுந்து அப்புறம் நாள் முழுக்க ஒழுங்கா இருந்தா அது பழைய வண்டியோட குணம், விட்ருங்க, இல்லன்னா ஆயில பாருங்க. காலைல நல்லா இருந்து மதியம் கும்பகோணம் டவுனுக்குள்ள அரை கிளட்ச்சுலயே ஊந்து ஊந்து போன பிறகு நியூட்ரல் விழலன்னா சூட்டோட சம்பந்தப்பட்டது, பிளேட்டு வளைஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். நேத்து வரைக்கும் ஒழுங்கா இருந்து இன்னைக்கு திடீர்னு ஆரம்பிச்சுதுன்னா பெரும்பாலும் கேபிள்.

கையில இருந்து ஆரம்பம்: லிவர்

வண்டி எத்தன தடவ விழுந்திருக்குன்னு லிவர பாத்தாலே தெரியும். வெளிப்பக்கம் வளைஞ்ச லிவர்னா விரல் எட்டாம பாதிதான் பிடிக்கிறீங்க, உள்பக்கம் வளைஞ்சா முழுசா இழுக்குறதுக்கு முன்னாடியே கைப்பிடில இடிக்குது. பெருசா தடியான கிரிப் கவர் மாட்டியிருந்தா அதுவும் இடிக்கும், கழட்டிட்டு பிடிச்சுப் பாருங்க, சில வண்டிக்கு வைத்தியமே அவ்வளவுதான்.

அப்புறம் லிவர் சுத்துற போல்ட்டு. அத கழட்டி ஓட்டைய பாத்தா வட்டமா இருக்கணும், முட்டை வடிவமா நீண்டிருந்தா லிவர் இழுக்குறதுல கொஞ்சம் தூரம் அந்த ஆட்டத்துலயே வீணாகுது. உள்ள எவ்வளவு கொஞ்சமா தள்ளுதுன்னு மேல சொன்னேனே, அந்தக் கொஞ்சத்துல இருந்துதான் இது போகுது. லிவர் மாத்துங்க, விலை பெருசு இல்ல. ஓட்டை நல்லா இருந்தா தொடச்சு கிரீஸ் வச்சு மாட்டுங்க.

கேபிள்

இங்கதான் நேரம் செலவு பண்ணணும். லிவர் பக்கம் ரப்பர் பூட்ட பின்னாடி தள்ளிட்டு, லாக் நட்ட தளத்தி, அட்ஜஸ்டர உள்ள முழுக்க திருகி, லாக் நட்டுலயும் அட்ஜஸ்டர்லயும் இருக்க வெட்டு லிவர் வெட்டோட நேரா வர்ற மாதிரி வச்சா கேபிள் வெளிய வந்துடும், கேபிள் நுனில இருக்க குமிழ, அதான் நிப்பிள், லிவர்ல இருந்து உருவிடுங்க. இப்ப நிப்பிளுக்குக் கீழ இருக்க ஒரு இஞ்ச் வெளிச்சத்துல பாருங்க. அறுக்குற கேபிள் முதல்ல அங்கதான் அறுக்கும். ஒரு இழை மட்டும் வெள்ளையா மினுங்கிட்டு முள்ளு மாதிரி வெளிய நீட்டும், விரல வச்சுத் தடவாதீங்க, குத்திடும், வேஸ்ட் துணில பிடிச்சு இழுத்தா துணில மாட்டும். அந்த அறுந்த இழைதான் சுருண்டு போயி அவுட்டர் (கேபிளோட வெளி உறை) வாயில அடைச்சுக்குது, லிவர் பாதி போயி நின்னுடுது, இல்ல போனது திரும்பி வர மாட்டேங்குது. ஒரு இழை அறுந்தாலும் கேபிள மாத்திடுங்க, ஆயில் போட்டு ஓட்டலாம்னு நினைச்சா வயக்காட்டு ரோட்டுல நடுவுல முழுசா அறுந்து நிக்கும்.

இழை நல்லா இருந்தா, இன்னர் கேபிள கையால மேலயும் கீழயும் இழுத்துப் பாருங்க. சரக் சரக்குனு மணல் அரைக்கிற மாதிரி வந்தா உள்ள துரு. வேதாரண்யம், கோடியக்கரை, நாகப்பட்டினம்னு உப்புக்காத்து அடிக்கிற பக்கம் இருக்கவங்களுக்கு இது மத்த ஊர விட சீக்கிரம் வரும், அங்க கேபிள் நட்டு போல்ட்டு எதுவும் முழு ஆயுசு வாழாது.

ஆயில் விடுறது சுலபம். ஒரு பாலிதீன் கவர் மூலைய வெட்டி, அவுட்டரோட மேல் முனைல கூம்பு மாதிரி வச்சு நூலால இறுக்கிக் கட்டி, அதுல தையல் மெஷின் ஆயிலோ 2டி ஆயிலோ (டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு பெட்ரோலோட ஊத்துறது) கொஞ்சம் ஊத்தி, ராத்திரி முழுக்க நேரா தொங்க விட்டா கீழ் முனைல கருப்பா வடியும். இடைல இன்னர மேலயும் கீழயும் ஆட்டி விடுங்க. கிரீஸ் உள்ள போகாது, வாயிலயே நிக்கும். தேங்கா எண்ணெய் வேணவே வேணாம், மார்கழி காலைல பாட்டில்ல உறையுறது உங்க கேபிளுக்குள்ளயும் உறையும்.

கேபிள் போற பாதையும் முக்கியம். ஹேண்டில் பார இடது வலது முழுக்கத் திருப்பி ரெண்டு பக்கமும் லிவர பிடிச்சுப் பாருங்க. ஒரு பக்கம் டைட்டு ஒரு பக்கம் லூஸுன்னா கேபிள் ஹெட்லைட் பின்னாடி எங்கயோ நெருங்கியிருக்கு, இல்ல இன்ஜின் சூட்டுல பட்டு அவுட்டர் உருகியிருக்கு. முந்தி யாராவது கேபிள் மாத்துனப்ப குறுக்கு வழியா விட்டிருப்பாங்க. புதுசு மாட்டும்போது பழச உருவுறதுக்கு முன்னாடி போன்ல ரெண்டு போட்டோ எடுத்துக்குங்க, அந்த வழியிலேயே புதுசு போகணும். விவரமான சிலபேரு புது கேபிள மாட்டுற அன்னைக்கே இன்னொரு ஸ்பேர் கேபிளையும் பக்கத்துலயே டேப் போட்டு ஒட்டி வச்சிருவாங்க, ராத்திரில அறுந்தா ரெண்டு முனைய மட்டும் மாத்தி மாட்டிகிட்டு கிளம்பலாம், நல்ல பழக்கம்.

ஃப்ரீ பிளே வைக்கிறது

லிவர இழுக்க ஆரம்பிச்சதும் முதல்ல கொஞ்சம் சும்மா வரும், அப்புறம்தான் எடை தெரியும். அந்த சும்மா வர்றதுதான் ஃப்ரீ பிளே. லிவர் நுனில அளந்தா நம்ம ஊர் 100 சிசி வண்டிங்களுக்கு பொதுவா 10 முதல் 20 மில்லிமீட்டர், லிவர் அடில பாத்தா ரெண்டு மூணு மில்லிமீட்டர் இடைவெளி. இதுக்கு மேல இருந்தா கிளட்ச் பிடிச்சுக்கும், சுத்தமா இல்லன்னா வழுக்கி பிளேட்டு கருகும்.

புதுசா பண்றவங்க கை பக்கம் இருக்க அட்ஜஸ்டரையே வெளிய வெளிய திருகிட்டு போவாங்க, அது கடைசி மரைல தொங்கிட்டு நிக்கும். அப்படிப் பண்ணாதீங்க. கை அட்ஜஸ்டர முதல்ல கிட்டத்தட்ட முழுசா உள்ள திருகிடுங்க. பிறகு இன்ஜின் பக்கம், கேபிள் முடியிற இடத்துல ரெண்டு நட்டோட ஒரு அட்ஜஸ்டர் இருக்கும், பெரும்பாலும் பத்து இல்ல பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனர் போதும், அங்க பெரும்பகுதி ஆட்டத்த எடுங்க. கடைசியா கை பக்கம் அரைச் சுத்து ஒரு சுத்துன்னு நுணுக்கமா வச்சு லாக் நட்ட டைட் பண்ணுங்க. நடுவுல ராடு வச்ச வண்டிகள்ல, ஆர்எக்ஸ், புல்லட் மாதிரி, இன்ஜின்லயே ஒரு ஸ்க்ரூவும் லாக் நட்டும் தனியா இருக்கும். கேபிள நல்லா லூஸ் விட்டுட்டு, லாக் நட்ட தளத்தி, ஸ்க்ரூவ லேசா தட்டுப்படுற வரைக்கும் உள்ள திருகி, அங்க இருந்து கால் சுத்து பின்னாடி எடுத்து லாக் பண்ணிட்டு அப்புறம் கேபிளுக்கு வாங்க. நிறைய வண்டில வருஷக்கணக்கா யாரும் இந்த ஸ்க்ரூவ தொட்டிருக்கவே மாட்டாங்க, கேபிள மட்டும் இழுத்துகிட்டே வந்திருப்பாங்க.

இன்ஜின் பக்கம் கேபிள் மாட்டுற அந்த சின்ன கையையும் பாருங்க. சேறு காஞ்சு, துரு பிடிச்சு, ரிட்டர்ன் ஸ்ப்ரிங் உடைஞ்சு கெடக்கும். நடவு நேரத்துல வரப்போரமா ஓடுன வண்டில இந்த இடத்துல களிமண்ணு கல்லு மாதிரி இறுகியிருக்கும், ஒரு குச்சியால நோண்டி, பிரஷ்ல மண்ணெண்ணெய் தொட்டுக் கழுவி ரெண்டு சொட்டு ஆயில் விட்டுட்டு லிவர பிடிச்சுப் பாருங்க, வித்தியாசம் கையிலயே தெரியும்.

ஆயில்

இதுவரைக்கும் பண்ணியும் தீரலன்னா ஆயிலுக்கு வாங்க. ஸ்ப்ளெண்டர் மாதிரி ஃபோர் ஸ்ட்ரோக்ல இன்ஜின் ஆயிலேதான் கிளட்ச்சுக்கும். டூ ஸ்ட்ரோக்ல கிளட்ச்சும் கியரும் தனி ஆயில்ல ஓடுது, 2டி ஆயில் அங்க போறது இல்ல, அதனால 2டி ஊத்துற பலபேருக்கு கியர் ஆயில்னு ஒண்ணு இருக்குறதே மறந்து போயிடும். பழைய புல்லட்டுல இடது பக்க ப்ரைமரி கவருக்குள்ள இன்னும் தனியா.

அளவு கூடினாலும் பிளேட்டு பிரிய மாட்டேங்கும், பழசாகி கெட்டியானாலும் அதேதான், மேனுவல் சொல்றத விட கனமான ஆயில் ஊத்துனாலும் காலைல இழுக்கும். "பழைய இன்ஜினுக்கு திக்கா ஊத்துனாத்தான் நல்லது"னு ஒரு நம்பிக்கை ஊருக்குள்ள ஓடுது, கிளட்ச் விஷயத்துல அது கெடுதல். டப்பால ஜாஸோ எம்ஏ இல்ல எம்ஏ2ன்னு போட்டிருக்கணும், அதுதான் ஆயில்ல நனையுற கிளட்ச்சுக்கான குறி. எம்பின்னு போட்டது ஸ்கூட்டருக்கு. காருக்கு வாங்கி மிச்சமானத ஊத்துனா பிடிச்சுக்காது, ஆனா வழுக்க ஆரம்பிக்கலாம், அதுவும் வம்புதான்.

டிப் ஸ்டிக்க எடுத்தா ஆயில் பால் கலந்த டீ நிறத்துல இருந்தா தண்ணி போயிருக்கு. 2018 நவம்பர் 16 கஜா புயலுக்குத்தான் இப்படி ஆகும்னு இல்ல, ஐப்பசி கார்த்திகை மழைல வீட்டு வாசல்ல தண்ணி நின்னாலே ஆகும். தண்ணில முங்குன வண்டிய ஸ்டார்ட் பண்ணிப் பாக்கணும்னு தோணும், பண்ணாதீங்க. ஆயில முழுசா வடிச்சு, புது ஆயில் விட்டு கொஞ்ச நேரம் ஓட்டி மறுபடி வடிச்சு, திரும்ப புதுசு ஊத்தணும். தண்ணி நாள்கணக்குல உள்ள நின்னிருந்தா இரும்பு பிளேட்டு துருப்பிடிச்சு ஒட்டியிருக்கும், அதுக்கு கவர கழட்டியே ஆகணும்.

ரொம்ப நாள் நின்ன வண்டில ஒட்டுன பிளேட்ட பிரிக்கிறது

வெளிநாட்டுல இருந்து வந்தவங்க இதத்தான் தேடிட்டு வந்திருப்பீங்க. முதல்ல ஆயில மாத்துங்க, ரெண்டு வருஷம் நின்ன ஆயில்ல எதுவும் பண்ண வேணாம். இன்ஜின நியூட்ரல்ல ஓட விட்டு நல்லா சூடாக்கி ஆஃப் பண்ணிட்டு, கிளட்ச் லிவர கைப்பிடியோட சேத்து பழைய சைக்கிள் டியூப் துண்டால இறுக்கிச் சுத்தி ராத்திரி முழுக்க அப்படியே விட்ருங்க. காலைல டியூப அவுக்காமலே, நியூட்ரல்ல ஸ்டார்ட் பண்ணி திரும்ப சூடாக்கி ஆஃப் பண்ணி, செகண்ட் கியர் போட்டு வண்டிய முன்னயும் பின்னயும் பலமா உலுக்குங்க, ரெண்டு பேரா இருந்தா நல்லது. டக்குனு ஒரு சத்தத்தோட வீல் விடுபடும், இல்ல கொஞ்சம் கொஞ்சமா இளகும். ஒரே தடவைல வரலன்னா அடுத்த நாளும் இதையே பண்ணுங்க.

இன்னொரு முரட்டு வழி உண்டு, வண்டிய ஓடவிட்டே கியர் போட்டு, கிளட்ச்ச பிடிச்சுகிட்டு ஆக்சிலேட்டரயும் பின் பிரேக்கயும் மாத்தி மாத்திக் குடுக்குறது. பிரிஞ்சுடும்தான், ஆனா பிரியுற வரைக்கும் வண்டிய நிறுத்த உங்க கிட்ட கிளட்ச் கிடையாதுங்கறத மறக்காதீங்க. அறுவடை முடிஞ்ச காஞ்ச திடல், இல்ல ஆள் இல்லாத மைதானம், கை ஆஃப் சுவிட்ச் பக்கம், நல்லா ஓட்டத் தெரிஞ்ச ஆளு, இதெல்லாம் இருந்தா மட்டும். ரோட்டுல வேணாம்.

பிரிஞ்ச பிறகு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க. திரும்பவும் ஒட்டலன்னா உள்ள கை வைக்க வேண்டிய அவசியமே இல்ல. லீவு முடிஞ்சு வெளிநாடு திரும்பும்போது அந்த டியூப் துண்ட லிவர்ல கட்டி விட்டுட்டுப் போயிட்டா ஸ்ப்ரிங்கும் கேபிளும் அவ்வளவு நாள் இழுபட்டு நிக்கும், அது சரியில்ல. அதுக்குப் பதிலா வீட்டுல இருக்கவங்கள மாசத்துக்கு ரெண்டு தடவ தெரு வரைக்கும் ஓட்டச் சொல்லுங்க.

கவர கழட்ட வேண்டிய நேரம்

எல்லாம் பாத்தாச்சு, ஆனா பிரேக் சோதனைல இன்னும் இன்ஜின் திணறுது. இப்பத்தான் உள்ள போகணும். முதல் தடவைன்னா கூட ஒரு தெரிஞ்ச ஆள வச்சுக்குங்க, இல்ல நல்ல மெக்கானிக் கிட்ட குடுத்து பக்கத்துல நின்னு பாருங்க. ஆயில வடிச்சு, கிக்கர கழட்டி, கிளட்ச் பக்கத்து கவர் போல்ட்ட எடுக்கும்போது ஒரு அட்டைல கவர் மாதிரி வரைஞ்சு, எந்த ஓட்டைல இருந்து வந்துதோ அந்த இடத்துல குத்தி வைங்க, போல்ட்டு நீளம் ஒண்ணுக்கொண்ணு மாறும், நீளமானத குட்டி ஓட்டைல போட்டு திருகுனா அலுமினியம் விரிசல் விட்டுடும். கவர் ஒட்டியிருந்தா ஸ்க்ரூ டிரைவர இடுக்குல விட்டு நெம்பாதீங்க, ரப்பர் சுத்தியால சுத்திலும் தட்டுனா வரும்.

சில வண்டில ஸ்ப்ரிங் போல்ட்ட எடுத்தா பிளேட்டு கையோட வந்துடும். சிலதுல நடு நட்டையும் கழட்டணும், அந்த நட்டு வெட்டு வெட்டா இருக்கும், அதுக்குன்னு காது வச்ச சாக்கெட் ஸ்பேர் பார்ட்ஸ் கடைல கிடைக்கும். உளியும் சுத்தியும் வச்சு தட்டிக் கழட்டுறத எத்தனையோ பட்டறைல பாக்கலாம், அந்த நட்டு அடுத்த தடவ எந்த சாக்கெட்லயும் உக்காராது.

உள்ள பாக்க வேண்டியது நாலு. இரும்பு பிளேட்ட ஒவ்வொண்ணா துடைச்சு ஒரு கனமான கண்ணாடி மேல வச்சு ஓரத்துல விரலால தட்டுங்க, ஆடுச்சுன்னா வளைஞ்சிருக்கு. டேப்பட் வைக்கிற ஃபீலர் கேஜ் இருந்தா 0.2 மில்லிமீட்டர் இதழ் அடில நுழையுதா பாருங்க, பல வண்டிக்கு அதுதான் கடைசி அளவு. நீலம் பாஞ்சிருந்தா சூட்டுல வெந்தது. அடுத்து ஹவுசிங் விரல், இதத்தான் நிறைய பேரு பாக்காம விடுறாங்க. பிளேட்டோட காது இடிச்சு இடிச்சு விரல்ல படிக்கட்டு மாதிரி பள்ளம் விழுந்திருக்கும், நகத்தால மேல இருந்து கீழ இழுத்தா நகம் மாட்டும். பிளேட்டு பிரியணும்னா அந்த விரல்ல வழுக்கணும், பள்ளத்துல மாட்டுனா எப்படி வழுக்கும். புது பிளேட்டு போட்டும் ரெண்டே மாசத்துல பழைய கதைன்னு புலம்புறவங்க வண்டில காரணம் பெரும்பாலும் இதுதான். லேசான பள்ளத்த தட்டை அரத்தால சமமா தேய்க்கலாம், ஆழமா இருந்தா ஹவுசிங் மாத்தணும்.

மூணாவது, தள்ளுற ராடு, குண்டு, லிஃப்டர் பேரிங். ராடு முனை காளான் மாதிரி விரிஞ்சிருந்தா நீளம் குறைஞ்சிருக்குன்னு அர்த்தம், நீங்க வெளிய எவ்வளவு அட்ஜஸ்ட் பண்ணாலும் பத்தாது. நாலாவது ஸ்ப்ரிங். தளந்த ஸ்ப்ரிங் வழுக்கத்தான் வைக்கும், ஆனா ஒண்ணு உயரம் ஒண்ணு குட்டைன்னு இருந்தா பிரஷர் பிளேட்டு சாய்வா தூக்கி ஒரு பக்கம் பிடிச்சுக்கும். வரிசையா நிக்க வச்சுப் பாத்தா கண்ணுக்கே தெரியும், மாத்துனா மொத்தமா மாத்துங்க.

புது உராய்வு பிளேட்ட மாட்டுறதுக்கு முன்னாடி ராத்திரி முழுக்க இன்ஜின் ஆயில்ல ஊற வைங்க, காஞ்ச பிளேட்டு முதல் ஸ்டார்ட்லயே கருகும். பழைய பிளேட்டையும் புதுசையும் அடுக்கி உயரத்த ஒப்பிட்டுப் பாருங்க, மலிவு செட்டுல சிலது தடியா வரும், அப்புறம் எப்படி வச்சாலும் பிடிச்சுக்கும். ஸ்ப்ரிங் போல்ட்ட குறுக்கு குறுக்கா, கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க, முழு பலத்தையும் காட்டுனா மரை உருவிட்டு வந்துடும். பேக்கிங் புதுசு போடுங்க, பழச ஒட்டுப் போட்டு ஓட்டுனா வீட்டு முற்றத்துல ஆயில் கோலம்தான்.

பட்டறைல குடுத்திருந்தா கழட்டுன பழைய பிளேட்ட கேட்டு வாங்கிப் பாருங்க, "அண்ணே, பழசக் குடுங்க, பாத்துக்குறேன்"னு சொன்னா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. மாட்டி ஓட்டி நாலஞ்சு நாள் கழிச்சு புது கேபிளும் பிளேட்டும் கொஞ்சம் உக்காந்திருக்கும், வண்டி ஆறியிருக்குறப்ப ஃப்ரீ பிளேய திரும்ப ஒரு தடவ அளந்து கை அட்ஜஸ்டர்ல வச்சுக்குங்க. கேட் போட்டிருந்தா கிளட்ச்ச பிடிச்சுகிட்டே நிக்காம நியூட்ரல் போட்டு கைய எடுத்துடுங்க, இப்பத்தான் விழுதே.